வெற்றியைவிடப் பெரியது எது?

மனித மனத்தில் உவகை எங்கிருந்து பிறக்கிறது? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதற்கு விடை தருகிறது. செல்வம், அறிவு, அன்புடையார் இணைதல், விளையாட்டு ஆகிய நான்கும் உவகையின் பிறப்பிடங்கள் என்பது அதன் கணக்கு. பொருளையும் அறிவையும் அன்பையும் எண்ணிய அதே வரிசையில் விளையாட்டையும் வைத்தார்கள் நம் முன்னோர். அதைச் சிறுபிள்ளைச் செயல் என்று ஒதுக்கிவிடவில்லை. படைத்தல், காத்தல், ஒடுக்கல் என்னும் இறைவனின் செயல்களையே ‘லீலை’ என்றும் ‘திருவிளையாடல்’ என்றும் போற்றும் மரபு நம்முடையது.

அதே மெய்ப்பாட்டியல் உவகைக்கு ஓர் இலக்கணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அது அல்லல் நீங்கியதாக இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய விளையாட்டை அளந்து பார்த்தால் என்ன தெரியும்? மைதானங்கள் நிரம்பி வழிகின்றன. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையைப் பயிற்சி முகாமில் சேர்த்துவிட்டு, அது நாளைய நட்சத்திரமாகும் என்று பெற்றோர் கனவு காண்கிறார்கள். ஓர் ஆட்டத்தின் முடிவு கோடிக்கணக்கான வீடுகளில் அன்றைய இரவு உணவை இனிக்கவோ கசக்கவோ செய்கிறது. இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துவிட்ட விளையாட்டு நமக்கு அல்லல் நீங்கிய உவகையைத் தருகிறதா? அல்லது புதியதோர் அல்லலைச் சேர்த்துவிட்டதா? இந்தக் கேள்வியின் மையத்தில் வேறொரு கேள்வி இருக்கிறது. விளையாட்டில் வெற்றிக்கு உரிய இடம் எது?

மைதானம் தந்த கொடை

விளையாட்டு நம் நாட்டுக்குச் செய்த நன்மைகளை முதலில் நன்றியோடு நினைக்க வேண்டும். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. கேடயக் கால்பந்து இறுதிப் போட்டியில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படை அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடியவர்கள். ‘நம்மால் முடியாது’ என்று அடிமைப்பட்ட மக்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்த எண்ணத்தை அந்த ஒரு மாலைப்பொழுது அசைத்தது. 1948 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று வென்றபோது, நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன.

1897-இல் சென்னையில் பேசிய சுவாமி விவேகானந்தர், கீதையைக் கற்பதைவிடக் கால்பந்து ஆடுவது இளைஞர்களைச் சுவர்க்கத்துக்கு அருகில் கொண்டு செல்லும் என்ற கருத்தைத் துணிந்து கூறினார். இதைக் கேட்டுத் திகைத்தவர்கள் உண்டு. அவர் கீதையைக் குறைத்துப் பேசவில்லை. கீதை போர்க்களத்தில் நிற்கும் வீரனுக்குச் சொல்லப்பட்டது. நடுங்கும் கால்களோடு நிற்பவனுக்கு அது வெறும் சொல்லாகவே நின்றுவிடும். உடலில் வலிமையும் நெஞ்சில் உறுதியும் உள்ளவனே அதன் பொருளை உணர்வான். இதுவே அவர் உணர்த்த விரும்பியது.

ஆனால் மைதானத்தின் கொடைக்கு ஓர் எல்லையும் உண்டு. பல்வங்கர் பாலு என்ற இடக்கை சுழற்பந்து வீச்சாளரின் வாழ்க்கை இதைக் காட்டுகிறது. 1876-இல் தார்வாரில் பிறந்த அவர், தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த சமூகத்தைச் சேர்ந்தவர். புனாவில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மன்றத்தில் ஆடுதளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டு, அவர்களுக்குப் பந்து வீசியே தம் கலையைத் தீட்டிக்கொண்டார். பின்னர் அவரது திறமையைக் கண்டு ஹிந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட அதே பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். இடைவேளை வந்ததும் அவருக்குத் தேநீர் தனியாக, வெளியே, மண் குவளையில் கொடுக்கப்பட்டது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக அவர் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆயினும் ஹிந்து அணியின் தலைமை அவரை வந்தடையவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் அது கிடைத்தது.

பந்துக்குச் சாதி தெரியாது. எல்லைக்கோட்டுக்கு உள்ளே எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் உள்ளே கற்ற சமத்துவத்தை வெளியே எடுத்துச் செல்வது மனிதனின் பொறுப்பு. மைதானம் ஒரு பள்ளிக்கூடம்தான். பாடத்தை வீட்டுக்குக் கொண்டு போகாத மாணவனுக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்ய முடியும்?

விதியும் மனச்சாட்சியும்

1980 பிப்ரவரியில் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொன்விழாவையொட்டி மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒரு டெஸ்ட் போட்டியில் மோதின. இந்திய அணியின் தலைவர் குண்டப்பா விஸ்வநாத். இந்தியா முதலில் ஆடி 242 ரன் எடுத்திருந்தது. பதிலுக்கு ஆடிய இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. அப்போது இயான் போத்தமுடன் இணைந்து ஆடிய பாப் டெய்லர், விக்கெட் கீப்பரிடம் பிடி கொடுத்ததாக நடுவர் தீர்ப்பளித்தார். பந்து தம் மட்டையில் படவில்லை என்பதால் டெய்லர் தயங்கி நின்றார். விஸ்வநாத்துக்கும் பந்து மட்டையில் படவில்லை என்றே தோன்றியது. அவர் நடுவரிடம் சென்று, முறையீட்டை விலக்கிக்கொள்வதாகக் கூறி, டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார்.

அதன் பிறகு போத்தமும் டெய்லரும் சேர்ந்து ஆறாவது விக்கெட்டுக்கு 171 ரன் சேர்த்தார்கள். போத்தம் சதம் அடித்தார். டெய்லர் எடுத்தது 43. இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

விஸ்வநாத் செய்தது சரியா? எளிதில் ‘சரி’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகக்கூடாது. எதிர்த்தரப்பின் வாதத்திலும் நியாயம் உண்டு. அவர் தனிமனிதராக மட்டும் அங்கே நிற்கவில்லை. பத்து பேரின் உழைப்பும் ஒரு நாட்டின் நம்பிக்கையும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தன. தம் பணப்பையிலிருந்து எடுத்துத் தானம் செய்பவர் வள்ளல். பிறர் ஒப்படைத்த பணத்தை எடுத்துத் தானம் செய்பவரை அப்படி அழைக்க முடியுமா? மேலும், தவறு செய்வதும் திருத்துவதும் நடுவரின் பணி. நடுவரின் தீர்ப்பு நமக்கு எதிராகத் தவறும் நாளில் எதிரணி அதைத் திருத்த முன்வருமா?

இந்த வாதம் வலிமையாகத் தோன்றினாலும் அதன் அடித்தளத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட பணம் நேர்மையாக ஈட்டியதாக இருந்தால்தான் அதைக் காக்கும் கடமை எழுகிறது. டெய்லரின் விக்கெட்டை இந்திய அணி ஈட்டவே இல்லை. அது தவறாகக் கைக்கு வந்து சேர்ந்த பிறர் பொருள். கடைக்காரர் கணக்கில் தவறி அதிகமாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்பது தானம் ஆகாது. அது வெறும் நேர்மை. குடும்பத்துக்காகத்தான் வைத்துக்கொண்டேன் என்று சொல்வதால் அந்தச் சில்லறை நம்முடையதாகிவிடாது. எதிரணி அப்படிச் செய்யுமா என்ற கேள்வியும் அடுத்த கடைக்காரரைப் பற்றிய கேள்விதான். அதற்கும் நம் கையில் உள்ள காசுக்கும் தொடர்பில்லை.

முறையீட்டை விலக்கிக்கொள்ள அணித்தலைவருக்குக் கிரிக்கெட் விதிகளே இடம் தருகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. விதியை வகுத்தவர்கள், விதியால் எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு என்பதை அறிந்திருந்தார்கள். அந்த இடத்தை மனச்சாட்சிக்கென்று விட்டுவைத்தார்கள்.

ஓராண்டு கழித்து, 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியைச் சமன் செய்ய நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் 6 ரன் தேவைப்பட்டது. அணித்தலைவர் கிரெக் சாப்பல், தம் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடும்படி கூறினார். உருண்டு வரும் பந்தைத் தூக்கி அடித்து ஆறு ரன் எடுக்க யாராலும் முடியாது. அன்றைய விதியில் அதற்குத் தடையில்லை. ஆஸ்திரேலியா வென்றது. ஆனால் அந்த வெற்றியை நினைத்து மகிழ்ந்தவர்களைக் காண்பது அந்த நாட்டிலேயே அரிதாயிற்று. பிறகு விதியே மாற்றப்பட்டது.

இங்கே தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு ரன் அடிக்கப்பட்டிருந்தாலும் ஆட்டம் சமனில்தான் முடிந்திருக்கும். வெற்றி கைநழுவிவிடுமோ என்ற அச்சம் மட்டுமே அந்தப் பந்தை உருட்டியது.

மகாபாரதத்தின் முடிவில் பீமனும் துரியோதனனும் கதைகொண்டு மோதுகிறார்கள். இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது கதாயுத்தத்தின் விதி. பீமன் துரியோதனனின் தொடையில் அடித்து வீழ்த்துகிறான். வென்றவர்கள் பாண்டவர்கள். தர்மமும் அவர்கள் பக்கம். இருந்தும் அந்த அடியை வியாசர் மறைக்கவில்லை. இருவருக்கும் குருவாகிய பலராமர் கொதித்தெழுந்ததையும் மறைக்கவில்லை. நியாயமான பக்கத்தில் நின்றாலும், முறை தவறிப் பெற்ற வெற்றியில் கறை படிந்தே தீரும் என்பதை நம் இதிகாசம் ஒளிவின்றிச் சொல்கிறது. நம் அணி, நம் நாடு என்ற பற்று எவ்வளவு தூயதாக இருந்தாலும் அந்தக் கறையைக் கழுவும் ஆற்றல் அதற்கு இல்லை.

வெற்றிக்குப் பின் என்ன?

வெற்றியே எல்லாம் என்று கொண்டவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை 1988 சியோல் ஒலிம்பிக் காட்டியது. நூறு மீட்டர் ஓட்டத்தை 9.79 விநாடியில் முடித்த பென் ஜான்சன், ஊக்கமருந்து உட்கொண்டது உறுதியானதால் மூன்றே நாட்களில் பதக்கத்தை இழந்தார். இது தொலைதூர நாடுகளின் நோய் என்று ஒதுக்கவும் வழியில்லை. அண்மை ஆண்டுகளில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அறிக்கைகளில், சோதனையில் சிக்குவோர் வரிசையில் இந்தியாவின் பெயர் முன்னணியில் இடம்பெற்று வருகிறது.

குறுக்கு வழியில் பெற்ற வெற்றி நிலைக்காது என்பது எளிதில் விளங்கும். நேர்வழியில், தூய உழைப்பால் பெற்ற வெற்றி மனத்தை நிறைத்துவிடுமா என்பதே ஆழ்ந்த கேள்வி.

துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றாம் இடம் பெற்று இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, ஏழாவதாக முடித்தார். அடுத்த நான்கு ஆண்டுகளும் அவருடைய வாழ்வு ஒரே புள்ளியை நோக்கியதாக இருந்தது. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில், கடைசிச் சுற்று பாக்கியிருந்தபோது அவரும் பின்லாந்து வீரர் ஒருவரும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 புள்ளி எடுத்தார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அது. நாடே கொண்டாடியது.

அந்த வெற்றிக்குப் பின் தம்முள் பெரும் வெறுமை சூழ்ந்ததாகப் பிந்த்ரா பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். தோல்விகள் தந்ததைவிடப் பெரிய மன நெருக்கடியை அந்த வெற்றி அவருக்குத் தந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே இலக்கைச் சுமந்து நடந்தவர் இலக்கை அடைந்ததும், சுமப்பதற்கு ஒன்றுமின்றி நின்றார். இது ஒருவரின் பலவீனம் அன்று. வெற்றியின் இயல்பே அது. மலையின் உச்சி என்பது ஒரு புள்ளிதான். அங்கே வீடு கட்டிக் குடியிருக்க முடியாது.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பது முக்கியம். மீண்டும் துப்பாக்கியை ஏந்தினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்று, கசப்பின்றி விடைபெற்றார். வெற்றியைத் தொட்டு, அதன் வெறுமையையும் கண்டபின், தோல்வியைத் தாங்கும் வலிமை வருகிறது என்றால், அவரை அதுவரை நடத்திச் சென்றது பதக்கம் மட்டும் அன்று. அன்றாடம் தவறாமல் செய்த சாதனையே அவரிடம் எஞ்சியது.

பற்றின்மை என்பது அலட்சியமா?

இவ்வளவையும் கேட்ட இளைஞன் ஒருவன் இப்படிக் கேட்கலாம்: “வெற்றி பெரிதல்ல என்றால் எதற்காக உயிரைக் கொடுத்து ஆட வேண்டும்? வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று ஆடினால் போதுமே!”

நியாயமான கேள்வி. அரைமனத்தோடு ஆடுபவனோடு ஆடுவதில் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது. அது எதிரே நிற்பவனுக்குச் செய்யும் அவமரியாதை. வெல்ல வேண்டும் என்ற முனைப்பு இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை. அப்படியானால் ஒரே நேரத்தில் வெற்றியை முழுமனத்தோடு நாடவும் வேண்டும். அதைப் பற்றாமல் இருக்கவும் வேண்டும். இது எப்படி இயலும்?

2012-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள் இதற்கு விளக்கம் தருகின்றன. அந்த ஆண்டு ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்கின் மகளிர் இரட்டையர் பாட்மிண்டன் பிரிவில் நான்கு இணைகள் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. சீனா, இந்தோனேசியா நாடுகளின் தலா ஓர் இணையும் தென்கொரியாவின் இரண்டு இணைகளும் அவற்றில் அடக்கம். அவர்கள் செய்த குற்றம் வேண்டுமென்றே தோற்க முயன்றது. தொடக்கச் சுற்றில் தோற்றால் அடுத்த சுற்றில் வசதியான எதிராளி கிடைப்பார் என்று கணக்குப் போட்டு, பந்தை வலையிலும் வெளியிலும் அடித்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அவர்கள் வெற்றியைத் துறந்தவர்கள். உண்மையில் பதக்கம் என்ற பலனின் மீது கொண்ட பற்று முற்றிப்போய், கையில் இருந்த ஆட்டத்தையே கொன்றவர்கள். பலனைப் பற்றினால் செயல் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பெயின் நாட்டின் புர்லாடா என்ற ஊரில் ஓர் ஓட்டப் பந்தயம் நடந்தது. முன்னணியில் வந்த கென்ய வீரர் ஏபெல் முட்டாய், எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டதாகத் தவறாக எண்ணிச் சற்று முன்பாகவே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்பெயின் வீரர் இவான் பெர்னாண்டஸ் அனாயா எளிதாக முந்தியிருக்கலாம். விதியும் தடுக்கவில்லை. ஆனால் அவர் வேகத்தைக் குறைத்து, சைகை காட்டி முட்டாயை எல்லைவரை நடத்திச் சென்று, தாம் இரண்டாவதாக முடித்தார். அதுவரை அவர் தம் முழு ஆற்றலோடும் ஓடினார் என்பதை மறக்கக்கூடாது. ஓட்டத்தில் அவர் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. தம் ஓட்டம் ஈட்டாத ஒன்றை ஏற்க மட்டுமே மறுத்தார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் கர்மயோகம். இன்பமும் துன்பமும், ஆதாயமும் இழப்பும், வெற்றியும் தோல்வியும் ஒன்றே என்ற மனநிலையோடு செயலில் இறங்கச் சொல்லும் கண்ணன், அர்ஜுனனை வில்லைத் தளர்வாகப் பிடிக்கச் சொல்லவில்லை. குறி தவறினாலும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மனம் பலனில் சிதறாமல் இருந்தால் குறி கூர்மையாகும். வெற்றியைப் பற்றிய கவலை, அம்பு எய்பவனின் கவனத்தில் ஒரு பகுதியைத் திருடிக்கொள்கிறது. அந்தத் திருட்டு நின்றால் முழு மனமும் செயலுக்குக் கிடைக்கிறது. ஆகவே பற்றின்மை என்பது அலட்சியத்துக்கு நேர் எதிரானது. ஆடும்போது வெற்றியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோல ஆடு. ஆடி முடித்ததும் எதிராளியின் கையைப் பற்றிக் குலுக்கும்போது வெற்றி என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிடு. இதைவிடச் சிறந்த யோகப் பயிற்சியை இளைஞர்களுக்கு எங்கே தேடுவது?

பார்வையாளரின் தர்மம்

இதுவரை சொன்னதெல்லாம் ஆடுபவர்களைப் பற்றியது. ஆனால் நாட்டில் ஆடுபவர்கள் மிகச் சிலர். பார்ப்பவர்களே மிகப் பலர். விளையாட்டின் பண்பாடு பெரும்பாலும் பார்ப்பவர்களின் மனத்தில்தான் உருவாகிறது. அவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு.

1996 மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் இலங்கையும் மோதின. 252 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 120 ரன்னுக்கு 8 விக்கெட்டுகளை இழந்தபோது, மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்து வந்தன; இருக்கைப் பகுதிகளில் தீ மூட்டப்பட்டது. ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. ஆடுகளத்தில் நின்றிருந்த வினோத் காம்ப்ளி கண்ணீரோடு வெளியேறினார். தோல்வியைத் தாங்க முடியாதவர்கள், தம் அணிக்கு மிச்சமிருந்த சில நிமிட ஆட்டத்தையும் பறித்துக்கொண்டார்கள்.

மூன்றாண்டுகள் கழித்து 1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது வேறு. பாகிஸ்தான் அணியின் வருகைக்கு நாட்டில் கடும் எதிர்ப்பு இருந்த நேரம் அது. டெல்லி மைதானத்தின் ஆடுதளம் தோண்டப்பட்டுச் சேதமாகியிருந்தது. 271 ரன் இலக்கை நோக்கிச் சென்ற இந்தியாவை, முதுகுவலியோடு ஆடி 136 ரன் எடுத்த சச்சின் டெண்டுல்கர் வெற்றியின் வாயில்வரை கொண்டுவந்தார். 17 ரன் மட்டுமே தேவைப்பட்ட நிலையில் அவர் ஆட்டமிழக்க, எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் 4 ரன்களுக்குள் வீழ்ந்தன. பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஒரு கணம் மைதானம் உறைந்து போயிற்று. பிறகு பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கரவொலியின் நடுவே பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம் வந்தார்கள்.

எழுந்து நின்றவர்களின் நெஞ்சில் வலி இல்லாமல் இல்லை. வலியோடுதான் எழுந்து நின்றார்கள். அதனாலேயே அந்தக் கைதட்டலுக்கு மதிப்பு. தன் விருப்பம் தோற்ற கணத்தில் பிறர் திறமையைப் பாராட்ட முடிந்தவன், தன் அகங்காரத்தை ஒரு கணமேனும் வென்றவன். இதை ஊர்களின் குணமாகக் கொள்வது தவறு. ஒரே மனிதனுக்குள்ளேயே பாட்டில் எறியும் கையும் கைதட்டும் கையும் இருக்கின்றன.

அந்தக் கையை அடக்காவிட்டால் அது எங்கே போய் முடியும்? 1994 உலகக் கோப்பையில் தவறுதலாகத் தம் அணியின் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்ட கொலம்பியக் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், பத்து நாட்களில் தம் சொந்த ஊரான மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், 2022 ஆசியக் கோப்பையில் ஒரு பிடியைத் தவறவிட்ட இளம் வீரர் அர்ஷ்தீப் சிங் மீது சமூக ஊடகங்களில் பொழிந்த வசைகள் அதே விதையிலிருந்து முளைத்தவையே. கொண்டாட்டத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூருவில் ஓர் அணியின் கோப்பை வெற்றியைக் கொண்டாடத் திரண்ட கூட்ட நெரிசலில் சின்னசாமி மைதானத்தின் வாயிலருகே 11 பேர் உயிரிழந்தார்கள். ஏற்பாடு செய்பவர்களின் பொறுப்பு பெரியது. ஆனால் ஒரு கோப்பை இவ்வளவு பெரியதாக நம் மனத்தில் எப்படி வளர்ந்தது என்ற கேள்வியும் நம்மை விடாது.

பணம் கட்டிப் பார்ப்பது இன்னொரு வீழ்ச்சி. தருமனின் சூதாட்டம் ஒரு குலத்தையே காட்டுக்கு அனுப்பிய கதையை நாம் அறிவோம். திருவள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வாயிலை அடைக்கலாம். மனத்தை அடைப்பது அவரவர் கையில். பந்தயம் கட்டியவனின் கண் ஆட்டத்தின் அழகைப் பார்ப்பதே இல்லை. அது தன் பணத்தை மட்டுமே பார்க்கிறது.

இவற்றின் நடுவே நம்பிக்கை தரும் காட்சிகளும் உண்டு. 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் ஈட்டியை 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். இந்தியாவின் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்றார். ஹரியானாவின் கிராமத்தில் இருந்த நீரஜின் தாயார், தங்கம் வென்றவரும் தம் பிள்ளைதான் என்றார். பாகிஸ்தானில் இருந்த அர்ஷத்தின் தாயாரும் நீரஜைத் தம் மகனாகவே கருதுவதாகக் கூறினார். கல்விக்கூடங்களில் கற்ற தத்துவம் அன்று அது. உழைத்த பிள்ளையின் வியர்வையை அறிந்த தாய்மார்களுக்கு, எதிரே நிற்கும் பிள்ளையின் வியர்வையும் தெரிந்தது.

வீட்டில் தொடங்கும் பயிற்சி

வெற்றியைவிடப் பெரியது எது என்ற கேள்விக்கு விடை இப்போது ஓரளவு தெளிவாகிறது. ஈட்டாததை ஏற்க மறுக்கும் நேர்மை, முழுமனத்தோடு செய்த முயற்சி, பிறர் திறமையைக் கண்டு மகிழும் விரிந்த உள்ளம் ஆகிய மூன்றும் வெற்றியைவிடப் பெரியவை. வெற்றி இவற்றோடு சேர்ந்து வந்தால் அழகு. இவை இல்லாமல் வந்தால் அது அல்லலே.

இந்த விடை மைதானத்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது. மாலையில் விளையாடிவிட்டு வியர்வையும் புழுதியுமாக வரும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எது? “ஜெயித்தாயா?” என்று கேட்டால், நம் அன்பு எதைச் சார்ந்திருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும். நாளடைவில் ஜெயிக்க முடியாத நாட்களை மறைக்கவும், ஜெயிப்பதற்குக் குறுக்கு வழி தேடவும் கற்றுக்கொள்ளும். “நன்றாக ஆடினாயா? எதிரணியில் யார் நன்றாக ஆடினார்கள்?” என்று கேட்டால் அதே பிள்ளை வேறொன்றைக் கற்கும். எதிரணியிலும் பார்ப்பதற்குரிய ஒருவன் இருக்கிறான் என்பதை அறிந்த பிள்ளை, நாளை வேறு மொழி பேசுபவனிடமும் வேறு வழியில் வழிபடுபவனிடமும் அதே கண்ணோடு பழகும்.

பள்ளிகளில் விளையாட்டு நேரத்தைப் பாட நேரமாக மாற்றிவிடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். சிறந்து ஆடும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களை ஓரமாக உட்கார்ந்து கைதட்ட வைப்பதும் போதாது. தோற்கத் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு வாழ்க்கை தரும் முதல் தோல்வியே பேரிடியாகிவிடுகிறது. மைதானத்தில் நூறு முறை தோற்று, நூறு முறையும் எழுந்து புழுதியைத் தட்டிவிட்டு மீண்டும் ஆடப் போன பிள்ளை, தேர்வில் தோற்றாலும் தொழிலில் சறுக்கினாலும் எழுந்து நிற்கும். அந்தப் பயிற்சியை எந்தப் பாடப்புத்தகமும் தர இயலாது.

அடுத்த முறை நம் அணி தோற்கும் இரவில் ஒரு சிறு சாதனையை ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்ளலாம். தொலைக்காட்சியை அணைப்பதற்கு முன், வென்றவரின் ஆட்டத்தில் கண்ட ஒரு சிறப்பை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் நா எழாது. பழகப் பழக எழும். அவ்வாறு எழும் நாளில் அந்த இல்லத்தில் விளையாட்டு மீண்டும் உவகையாகும். அதில் அல்லல் இராது.